காந்த உறை

தொண்டையில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து என் அண்ணனுக்கு வாய் என்பது ஒரு கையடக்கக் கருவிதான். அதில் எழுத்துகளைத் தட்டினால் சத்தமாகப் படிக்கும். அதைத் தயாரிப்பது நான் வேலை பார்க்கும் கம்பெனி. நான் சோதனைப் பிரிவு.

கருவியின் மூடியில் ஒரு சின்னக் காந்தம், உள்ளே காந்தத்தை உணரும் ஒரு ஹால் சென்சார். பேட்டரி தீராமலிருக்க சென்சார் பெரும்பாலும் தூங்கும். அவ்வப்போது கண் திறந்து, பக்கத்தில் காந்தம் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் மூடி மூடியிருக்கிறது என்று எண்ணிக் குரலை நிறுத்திவிடும். நல்ல ஏற்பாடுதான், எங்கள் மேனேஜர் கை வைக்கும்வரை. அழகாக இருக்கட்டும் என்று காந்தப் பொத்தான் வைத்த உறை ஒன்றைக் கூடவே கொடுக்கச் சொன்னார் மனுஷன். உறையின் மடலைப் பின்னால் மடித்தால், பொத்தான் சென்சாருக்கு நேர் பின்னால் வந்து உட்காரும். அது மூடியின் காந்தமா, உறையின் காந்தமா என்று சென்சாருக்கு என்ன தெரியும்?

"சார், உறையோட சேத்து டெஸ்ட் பண்ணவே இல்லையே" என்றேன் அப்போதே.

"மெஷினத்தான் டெஸ்ட் பண்ணணும். பைய எதுக்கும்மா?"

அண்ணன் பள்ளிக்கூட வாத்தியார். மறுபடி வேலையில் சேர்ப்பதற்கு முன், தலைமையாசிரியை எதிரில் ஒரு பாடம் நடத்திக் காட்டச் சொன்னார்கள். மேசையில் வைத்துத் தட்டியவரை கருவி ஒழுங்காகப் பேசியது. மடலை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் போனான், ஊமையாகிவிட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். "ரெஸ்ட் எடுங்க சார்" என்று அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் கம்பெனியில் புகார் கொடுத்தோம். 'பயன்படுத்துபவர் சரியாகப் பிடிக்கவில்லை' என்று பதில் வந்தது. அண்ணனை நேராக மேனேஜர் அறைக்கே கூட்டிப்போனேன்.

"இவருக்குப் பிடிக்கத் தெரியலம்மா, அவ்வளவுதான்" என்று என்னிடம் சொன்னார், அண்ணனுக்குக் காதும் போய்விட்டது போல.

"அப்ப நீங்க பிடிச்சுக் காட்டுங்க சார்."

சிரித்துக்கொண்டே வாங்கினார். எல்லோரையும் போல மடலைப் பின்னால் மடித்துப் பிடித்தார். தட்டினார். சத்தமே இல்லை. ஓங்கித் தட்டினார்.

"பேட்டரி போச்சு போல" என்று முணுமுணுத்தார்.

அண்ணன் கருவியை வாங்கி, உறையை உருவி அவர் மேசையில் போட்டான். நிதானமாகத் தட்டினான். கருவி கணீரென்று பேசியது.

"நாளைக்கு எங்க ஸ்கூலுக்கு வாங்க சார். தப்பு யாருதுன்னு ஹெட்மாஸ்டரம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க. உங்களுக்குத்தான் வாய் இருக்கே."