சுத்தம் செய்வதற்கு முன்

செத்தவர்களின் அறையைச் சுத்தம் செய்வது எங்கள் தொழில். முகத்தைச் சுளிக்கிறவர்கள் சுளித்துக்கொள்ளட்டும். தனியாக இருந்தவர் செத்து, பக்கத்து வீட்டுக்கு வாடை போன பிறகுதான் கதவைத் திறப்பார்கள். போலீஸ் வந்து உடலைக் கொண்டுபோகும். அதோடு எல்லாருக்கும் வேலை முடிந்தது. தரையில் ஊறினதும் மெத்தையில் இறங்கினதும் யார் தலையில்? அப்போதுதான் என் ஞாபகம் வரும்.

எனக்கென்று சில முறைகள் உண்டு. வண்டியில் பேர் எழுதமாட்டேன். செத்தவர் யார் என்று கேட்கமாட்டேன். அறைக்குள் முதலில் நான் மட்டும் போவேன். சுவரிலோ மேஜையிலோ போட்டோ இருந்தால் அதைப் பார்க்காமலே எடுத்துத் துணியில் சுற்றி வைப்பேன். அதற்கப்புறம்தான் பையன் உள்ளே வரலாம். முகம் தெரிந்துவிட்டால் கை ஓடாது. தேய்க்கிறது கறையாக இருக்க வேண்டும், ஆளாக இருக்கக் கூடாது.

என் பையனுக்கு இந்த முறையெல்லாம் பிடிக்கும். ஆனால் வேலை வராததுதான் பிடிக்காது.

"பேர் எழுதாத வண்டியை வெச்சுக்கிட்டு எவன்பா நம்மளைத் தேடி வருவான்?" என்பான்.

"சாவு வந்தா தானா வருவான்."

"சாவு வருதுப்பா. நமக்கு வரலை. ஆளுங்களையும் மெஷினையும் வெச்சிருக்கிற பெரிய கம்பெனிக்குப் போகுது."

அதற்கு அவன் கண்டுபிடித்த மருந்துதான் போனில் இருந்த அந்தத் தளம். தொழில் செய்கிறவர்கள் எல்லாம் கோட்டு போட்டுக்கொண்டு நின்று ஒருத்தரை ஒருத்தர் முதுகில் தட்டிக்கொடுக்கிற இடம் அது. ஒருவன் வேலையை விட்டால் வாழ்த்து, இன்னொருவன் வேலையில் சேர்ந்தால் வாழ்த்து. கடைத்தெருவில் இத்தனை பேர் என்னைப் பார்த்துச் சிரித்தால் முதலில் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். பையனிடம் சொன்னேன். "உங்களுக்கு எல்லாரும் திருடனுங்க" என்றான்.

அங்கே ஒருத்தரைப் பிடித்து வைத்திருந்தான். சின்னச் சின்னத் தொழில் செய்கிறவர்களுக்கு யோசனை சொல்கிற ஆள், இதே ஊர்தான். காலையில் பல் விளக்குவதற்குள் ஒரு குறிப்பு போட்டுவிடுவார். "இன்னைக்கு அண்ணன் என்ன சொல்றாரு தெரியுமாப்பா" என்று பையன் படிக்க ஆரம்பித்தால் எனக்கு டீ ஆறிப்போகும். நான் அவருக்கு வைத்த பேர் உபதேசம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பையன் தயங்கித் தயங்கி எங்கள் தொழிலைப் பற்றி அவருக்கு எழுதினபோது அந்த ஆள் சிரிக்கவில்லை. எங்களைப் பற்றித் தன் பக்கத்திலேயே நாலு வரி எழுதினார். யாரும் செய்யத் துணியாத வேலை, மரியாதையாகச் செய்கிறார்கள், தேவைப்பட்டால் இவர்களைக் கூப்பிடுங்கள் என்று. பையன் அதைத் தன் பெண்டாட்டிக்குப் படித்துக் காட்டினான், மாமியாருக்குப் படித்துக் காட்டினான், எனக்கு இரண்டு தடவை.

கொஞ்ச காலம் கழித்து ஒரு வீட்டுக்காரர் கூப்பிட்டார். தளத்தில் பார்த்தாராம். அதன் வழியாக வந்த முதல் வேலை.

"மாடியில குடியிருந்த ஆளுங்க. தனியா இருந்தாரு. பேரு..."

"பேர் வேண்டாங்க. கதவு நம்பர் சொல்லுங்க."

"சொந்தக்காரர் ஒருத்தர் வந்து வேணுங்கற சாமானெல்லாம் எடுத்துட்டுப் போயிட்டாரு. மிச்சம் இருக்கறதை நீங்களே போட்டுடுங்க."

நான் முதலில் உள்ளே போனேன். ஒரே அறை. கட்டில், மேஜை, நாற்காலி, ஜன்னலில் பூப்போட்ட திரை. மேஜை மேல் ஒரு சின்னப் போட்டோச் சட்டம். எடுத்துச் சுற்றினேன். அப்புறம் தரையைப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் எனக்குப் படிக்கத் தெரிந்தது அது ஒன்றுதான். மெத்தை சுத்தமாக இருந்தது. நாற்காலியடியில் ஒரு கறை, அங்கிருந்து கதவு வரைக்கும் தேய்ந்த தடம், கதவடியில் பெரிய கறுப்பு. தாழ் போடவில்லை. கதவுச் சட்டத்தில் உடைத்த தழும்பும் இல்லை. பையனைக் கூப்பிட்டேன்.

அவன் வந்ததும் போனை எடுத்து, கட்டிலும் மேஜையும் திரையும் விழத் தரையைப் படம் பிடித்தான்.

"என்னடா பண்றே?"

"வேலைக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு போடணுமாம்பா. அண்ணன் எழுதியிருக்காரு. பேச்சை நம்பமாட்டாங்களாம், படத்தை நம்புவாங்களாம்."

"செத்தவன் ரூமையாடா?"

"முகம் இருக்கா? பேர் இருக்கா? வெறும் தரைப்பா."

மண்டி போட்டு முழங்கால் மரத்துப்போனதும் மாடிப்படியில் உட்கார்ந்தோம். முகமூடியைக் கழற்றிவிட்டு அவன் போனைப் பார்த்தான். அன்றைக்கும் குறிப்பு வந்திருந்தது.

"என்ன சொல்றாரு உபதேசம்?"

"பழைய வாடிக்கையாளரை மறந்துடாதீங்க, சும்மாவாவது ஒரு போன் போட்டு எப்படி இருக்கீங்கன்னு கேளுங்கன்னு எழுதியிருக்காருப்பா."

"நம்ம வாடிக்கையாளர் எவன்டா எடுப்பான்?"

வாய்விட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். பின்னால் அந்தக் கதவு திறந்து கிடந்தது.

முடித்துவிட்டு இரண்டு படத்தையும் போட்டான். கீழே உபதேசத்துக்கு நன்றி சொல்லி அவர் பேரையும் சேர்த்தான். அப்படிச் சேர்த்தால் அவர் பக்கத்தில் இருக்கிறவர்களும் பார்ப்பார்களாம். பார்த்தார்கள். வாழ்த்தாகக் கொட்டியது. அதைவிட, வேலை வந்தது. ஒரு வேலை முடிவதற்குள் அடுத்தது. திட்டுவதற்கு வாயில் இருந்ததை விழுங்கிக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் கடைக்கு ஒரு பெண் வந்தாள். கடை என்றால் ஒரு ஷெட். பிளீச்சிங் டிரம், ரப்பர் பூட்ஸ், காயப்போட்ட கையுறைகள். அவள் எதையும் பார்க்கவில்லை. போனை நீட்டினாள்.

"இந்தப் படம் போட்டது யாரு?"

பையன் துள்ளி எழுந்தான். "நான்தான் மேடம். உங்க இடத்துல ஏதாவது..."

"இது என் தம்பி ரூம். இந்த மேஜை நான் வாங்கிக் கொடுத்தது."

அவன் முகம் செத்துப்போனது. "மன்னிச்சுடுங்க மேடம். யாரு என்னன்னு நாங்க கேக்கறதில்ல. பேர் கூடத் தெரியாது."

"பேர் தெரியாதா? பேரைப் போட்டிருக்கியே."

"அது வேற மேடம். அது நன்றி. அவருதான் எங்களுக்கு..."

"அவன்தான்" என்றாள். "அவன் ரூம்தான் இது."

பையன் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "இல்ல மேடம். இன்னைக்குக் காலையில கூட எழுதியிருக்காரு. வேணும்னா காட்டறேன்." நிஜமாகவே போனை எடுத்துத் தேட ஆரம்பித்துவிட்டான்.

"மொத்தமா எழுதி நாள் குறிச்சு வெச்சிருக்கான். அது பாட்டுக்கு ஒண்ணொண்ணா வந்துட்டு இருக்கு. பாஸ்வேர்டு யாருக்கும் தெரியலை, நிறுத்த முடியலை."

எங்களுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவரை நாங்கள்தான் வாளியில் பிழிந்திருக்கிறோம். பையன் டிரம் மேல் உட்கார்ந்துவிட்டான்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "எங்க மாமா சொன்னாரு, வேலை செஞ்சுட்டு இருந்தவன் மயங்கி விழுந்துட்டான், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க, நர்ஸ் கையைப் பிடிச்சுட்டு இருக்கும்போது போயிட்டான்னு. மூடின பெட்டியைத்தான் காட்டினாங்க. நம்பினோம். அன்னைக்குக் காலையில வரைக்கும் எழுதியிருந்தானே. அப்புறம் அடக்கம் பண்ணின மறுநாளும் எழுதினான். அப்பத்தான் எனக்குச் சந்தேகம் வந்துச்சு, அன்னைக்கு வந்ததும் முன்னாடியே எழுதி வெச்சதா இருக்கலாமேன்னு. நீங்க சொல்லுங்கய்யா. எப்படிச் செத்தான்?"

நான் பொய் சொல்கிற ஆள் இல்லை. உண்மை சொன்னால் யாருக்கும் லாபமில்லாத இடத்தில் வாயை மூடிக்கொள்வேன், அவ்வளவுதான். அன்றைக்கு வாய் தானாகப் போனது.

"தூக்கத்துலம்மா. படுத்த மேனிக்கு. ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

அவள் படத்தை விரலால் பெரிதாக்கி என் மூக்குக்கு நேரே பிடித்தாள். "கட்டில் சுத்தமா இருக்கேய்யா."

இருந்தது. பையன் நல்ல வெளிச்சத்தில்தான் எடுத்திருந்தான்.

"நாற்காலியிலேருந்து விழுந்திருக்காரு" என்றேன். "கதவு வரைக்கும் நகர்ந்து வந்திருக்காரு. கதவுகிட்டதான் கிடந்தாரு. வாரக்கணக்குலம்மா."

"கதவு பூட்டியிருந்துதா?"

"இல்ல. சும்மா சாத்தியிருந்தது."

"அப்ப யாரு வேணாலும் தள்ளிட்டு உள்ள போயிருக்கலாம்."

"போயிருக்கலாம்."

அவள் அழவில்லை. பூட்ஸ் வைக்கிற பலகையில் உட்கார்ந்தாள். "தினமும் காலையில அவன் எழுதினதுக்குக் கை தட்டற குறி போட்டேன். ஒரு நாள் போன் பண்ணலை. அதான் எழுதறானே, நல்லா இருக்கான்னுதானே அர்த்தம்."

தண்ணீர் கொடுத்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை.

"எங்க அம்மாவுக்கு இது தெரியக் கூடாது" என்றாள். "நர்ஸ் கையைப் பிடிச்சுட்டு இருந்தாளாமேன்னு சொல்லிச் சொல்லித்தான் அவங்க சாப்பிடவே ஆரம்பிச்சிருக்காங்க. இந்தப் படத்தையும் பாத்திருக்காங்க. இங்க பாருங்க, குறி கூடப் போட்டிருக்காங்க. என்ன ஏதுன்னு புரியாது அவங்களுக்கு. அவன் பேர் எங்க இருந்தாலும் அமுக்கிடுவாங்க. யாராவது விவரம் சொல்றதுக்குள்ள இதை அழிச்சுடு தம்பி. இப்பவே, என் கண்ணு முன்னாடி."

பையன் அழித்தான். வாழ்த்துகள் எல்லாம் அதோடு போயின. அவள் தன் போனிலும் பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்டாள். இல்லை. சுத்தம். பெருமூச்சு விட்டு, தண்ணீரைக் குடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வரேன்யா. ஆஸ்பத்திரின்னே இருக்கட்டும். மிச்சத்தை நான் சுமந்துக்கறேன்."

டிரம் மூடிகளை அடுக்கியிருந்த வாசல் பக்கம் போனவளுக்கு அங்கேயே போன் வந்தது. காது மந்தமானவர்கள் பேசுகிற குரல், எங்களுக்கும் கேட்டது.

"ஏண்டி, அந்தப் படத்தைக் காணோமே?"

"எந்தப் படம்மா?"

"நடிக்காதே. தரை கறுத்துக் கிடந்துதே, அது. எடுக்கச் சொன்னது நீயா?"

"அது யாரோ விளம்பரத்துக்குப் போட்டதும்மா..."

"அந்தத் திரை நான் தெச்சது. நூல் பத்தலைன்னு ஓரத்துல பாதிக்கு மேல வேற கலர் போட்டேன். எனக்குத் தெரியாதா?"

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"உங்க மாமா ஆஸ்பத்திரிக் கதை சொன்னப்பவே பாத்தேன், அவர் என் கண்ணைப் பாக்கலை. நீ அதை நம்பிக்கிட்டு ரெண்டு வாய் சாப்பிடறியேன்னு நானும் தலையாட்டிட்டு இருந்தேன். அவன் கடைசியா இருந்த இடம்டி அது. தினமும் எடுத்துப் பாத்துக்கிட்டு இருந்தேன். எதுக்கு எடுத்தே?"

பையன் எழுந்து வந்தான். "என் போன்ல இருக்கு மேடம்" என்றான். "அனுப்பறேன்." அவள் தலையாட்டினாள். அவன் அனுப்பினான். இரண்டு தடவை விரல் தப்பான இடத்தில் பட்டது.

"யாருடி பக்கத்துல? அந்த ரூமைக் கழுவினவங்களா? குடு."

அவள் என்னிடம் நீட்டினாள். வேண்டாம் என்று கையை ஆட்டினேன். நீட்டிக்கொண்டே நின்றாள். வாங்கினேன்.

"ஐயா, நீங்கதானா?"

"ஆமாம்மா."

"மெஷின் போட்டா, கையாலயா?"

"கையாலதாம்மா. மண்டி போட்டு."

"வேகமா தேய்ச்சீங்களா?"

அந்தக் கறை வேகமாகத் தேய்த்தால் போகாது. ஊறவிட்டு, துணியால் ஒற்றி ஒற்றித்தான் எடுக்க வேண்டும். அதைச் சொன்னேன்.

வைத்துவிட்டார்கள் என்று நினைத்துப் போனைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

"சரி" என்றார்கள்.