தொடாமல் சொன்ன ‘இருக்கு’

இரண்டரை மணி நேரப் பயணம்தான். காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு நாத்தனார் வீடு. இதற்குப் போய் அந்த மனுஷன் கட்டுகிற மூட்டை இருக்கிறதே, பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும், கூட வாழ்கிறவளுக்கு எரிச்சல் வரும். கயிறு, டார்ச், அதற்கு மாற்று பேட்டரி, விசில், குடை, கம்பளி, காயத்துக்குக் கட்டுத்துணி, இரண்டு கேன் தண்ணீர். “என்ன சார், வீடு மாத்துறீங்களா?” என்று எதிர்வீட்டுக்காரர் ஒரு தடவை கேட்டே விட்டார். “இல்ல சார், வீடு திரும்பி வரணும்ல, அதுக்குத்தான்” என்றார் இவர், முகத்தில் மருந்துக்கும் சிரிப்பில்லாமல்.

முப்பது வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். வண்டியை எடுக்கும் முன்னால் அங்கே ஒரு முறை உண்டு. ஒருவர் வெளியே நின்று பட்டியலை வாசிப்பார், இன்னொருவர் உள்ளே அந்தந்தச் சாமானைக் கையால் தொட்டுவிட்டு “இருக்கு” என்பார். கண்ணால் பார்த்துச் சொன்னால் செல்லாது. அந்த முறையை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். அவர் வாசலில் காகிதத்தோடு, அவள் கூடத்தில் பையோடு. கல்யாணமான புதிதில் அவளுக்கு அது விளையாட்டாக இருந்தது. அப்புறம் பழக்கமானது, அதற்கப்புறம் தொல்லையானது. பையைத் தொடுவதை எந்த வருஷம் விட்டாள் என்று அவளுக்கே நினைவில்லை. அடுப்படியிலிருந்தே “இருக்கு, இருக்கு” என்று பதில் போய்க்கொண்டிருக்கும்.

ஆறு மாதத்துக்கு முன்னால், இதே நாத்தனார் வீட்டுக்குக் கிளம்பிய காலையிலும் அப்படித்தான். டீயை ஃப்ளாஸ்கில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“கயிறு?”

“இருக்கு.”

“டார்ச்?”

“இருக்கு.”

“நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை?”

“இருக்குன்னு சொல்றேன்ல. நேரமாகுது, கிளம்புங்க.”

இல்லை. அது அடுப்படி அலமாரியில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருந்தது. தேதி முடிந்துவிட்டதா என்று பார்க்க முந்தின நாள் அவளேதான் பையிலிருந்து எடுத்திருந்தாள். எடுத்த மகராசி திருப்பி வைக்கவில்லை.

பாதி வழியில் அவருக்கு நெஞ்சைப் பிடித்தது. வண்டி ஓட்டியது மகன். அவள் பின் சீட்டில் பையைத் தலைகீழாகக் கொட்டினாள். விசில் விழுந்தது, பேட்டரி விழுந்தது, மாத்திரை மட்டும் வரவில்லை. முன் சீட்டிலிருந்து அவர் திரும்பி அவளைப் பார்த்தார். ஒரே பார்வைதான். முப்பது வருஷம் “இருக்கு” கேட்ட காது. தொட்டுச் சொன்னதற்கும் சும்மா சொன்னதற்கும் வித்தியாசம் தெரியாத காதா அது? காலையில் அவசரப்படுத்தினாளே என்று விட்டுக்கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

மகன்தான் கத்தினான். “ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பீங்க. உங்க மாத்திரையை எடுத்து வைக்கத் துப்பில்லையா உங்களுக்கு?”

பயத்தில் வந்த கோபம் அது, வேறொன்றுமில்லை.

“ஆமாப்பா, நான்தான் மறந்துட்டேன்” என்றார் அவர்.

அதற்கப்புறம் அவர் பேசவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பேசுகிற நிலையிலும் இல்லை. சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துபோனது. மாத்திரை இருந்திருந்தாலும் பிழைத்திருப்பார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அது யார் காதில் ஏறும்?

அந்த நேரத்திலேயே “நான்தான்” என்று ஒரு வார்த்தை அவள் சொல்லியிருக்கலாம். சொல்லாமல், கொட்டினதையெல்லாம் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் சொல்லலாம் என்றால் விஷயம் வேறு மாதிரி சிக்கிக்கொண்டது. மகன் அப்பாவிடம் கடைசியாகப் பேசிய பேச்சு அதுதான். தப்பு அவர் மேல் என்று இருக்கிறவரைக்கும் அந்தப் பேச்சைச் சுமந்துகொண்டு அவனால் நடமாட முடிகிறது. அவர் மறக்கவேயில்லை என்று தெரிந்தால் பிள்ளை என்ன ஆவான்? அதை நினைத்தே மென்று முழுங்கினாள். அவனுக்காகவா, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவா என்று கேட்டால், இரண்டுக்கும்தான். பொய் எதற்கு?

ஆனால் அவன் சும்மா இருந்தானா? துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் இதே கதை. “உலகத்துக்கே செக் பண்ணினார், தன் உசுரை செக் பண்ணலை.” சொல்லிவிட்டுச் சிரிப்பான். அந்தச் சிரிப்பைக் கேட்கிறபோதெல்லாம் அவள் எழுந்து அடுப்படிக்குள் போய்விடுவாள்.

இன்றைக்குத்தான் அதே சாலையில் மறுபடியும். கிளம்பும்போது வாய் தவறி, “பையை எடுத்துக்கலாமா?” என்று கேட்டுவிட்டாள்.

“அதுவா? வேணாம்மா” என்று தண்ணீர் பாட்டில் ஒன்றை சீட்டில் போட்டான். மொத்த ஏற்பாடும் அதுதான்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். “அத்தை இன்னிக்கு விடாது, பாரு” என்றான் மகன். “அண்ணன் மாத்திரையை மறக்கிற ஆளா, நேர்ல வந்து சொல்லுங்கன்னு போன்ல ஒரே புலம்பல். நேராவே சொல்லிடப் போறேன். உங்க அண்ணன் வாய்ச்சொல்லுல மட்டும்தான் கெட்டிக்காரர், அத்தை.”

கூடப் பிறந்தவளிடம். அதுவும் அண்ணன் என்றால் உயிரை விடுகிறவளிடம். செத்தும் அந்த மனுஷனுக்கு இந்தப் பேர்தானா? அவளால் தாங்க முடியவில்லை.

“தம்பி, வண்டியை ஓரமா நிறுத்து.”

அவன் முகம் வெளுத்துப்போனது. “என்னம்மா? நெஞ்சு வலிக்குதா?”

“எனக்கு ஒண்ணுமில்ல. நிறுத்து.”

நிறுத்தினான். லாரிகள் போகும்போதெல்லாம் வண்டி லேசாக ஆடியது. அவள் சொன்னாள். தேதி பார்க்க எடுத்தது, உப்பு ஜாடி, டீ, தொடாமல் சொன்ன “இருக்கு”. எல்லாவற்றையும், ஒன்று விடாமல். சொல்ல இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. இதற்கா ஆறு மாதம்?

“அப்பாவுக்குத் தெரியுமா?” என்றான்.

“தெரியும். என்னைப் பார்த்தாரே.”

“தெரிஞ்சுமா ஆமாப்பான்னார்?”

ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு அவன் அழுதான். நாற்பது வயது ஆண்பிள்ளை, தோளெல்லாம் குலுங்க. “துப்பில்லையான்னு கேட்டேன்மா. அவ்வளவு வலியில இருந்தவரை” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அவள் அவன் முதுகில் கையை வைத்தாள். அவன் தட்டிவிடவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. புருஷன் மேல் இருந்த பழியை எடுத்துப் பிள்ளை தலையில் இறக்கிவிட்டோமே என்று அவளுக்கு நெஞ்சு எரிந்தது.

போன் அடித்தது. நாத்தனார்தான். அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு எடுத்தான்.

“வந்துட்டே இருக்கோம், அத்தை… அழல, சளி… இல்ல, நீங்க சொன்னதுதான் சரி. அப்பா மறக்கலை.” அம்மாவைப் பார்த்தான், பார்வையைச் சட்டென்று எடுத்துக்கொண்டான். “நான்தான் அத்தை. எடுத்து வைக்கச் சொன்னார், நான்தான் மறந்துட்டேன்.”

அதே வார்த்தை. அப்பன் ஒரு தடவை, பிள்ளை ஒரு தடவை. இன்னும் எத்தனை பேர் தலையைக் கொடுக்க வேண்டும் இவளுக்காக?

“போனைக் கொடு.”

“வேணாம்மா, விடு” என்றான் வாய்க்குள்ளேயே.

“கொடுடா.”

வாங்கினாள். “அண்ணியா? என்ன அண்ணி, இவன் என்னமோ சொல்றான்?” என்றது அந்தப் பக்கம்.

“அவன் சொல்றது பொய். அவனும் இல்ல, உங்க அண்ணனும் இல்ல. நான்தான். பைக்குள்ள பார்க்காமலே இருக்குன்னு சொன்னேன். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கலை.”

அந்தப் பக்கம் பேச்சு நின்றுபோனது. வைத்துவிட்டாளோ என்று போனைக் காதில் அழுத்திக் கேட்டாள். வைக்கவில்லை. மூச்சு வாங்குகிற சத்தம் வந்துகொண்டேயிருந்தது. மகன் வண்டியைக் கிளப்பவா வேண்டாமா என்று அவளையே பார்த்தான். நாத்தனார் போனை வைக்கவும் இல்லை, வாங்க என்று சொல்லவும் இல்லை.