வலிக்காத ஊசி

பெருந்தொற்று வருவதற்கு முன்பு அந்த நர்ஸுக்குத் தொழுநோய்ப் பிரிவில் வேலை. வீடு வீடாகப் போய், உடம்பில் உணர்ச்சியற்ற தேமல் யாருக்காவது இருக்கிறதா என்று பார்ப்பார். தொற்று பரவியதும் பிரிவைப் பூட்டி, எல்லோரையும் வேறு பணிக்கு அனுப்பிவிட்டார்கள். தேட ஆளில்லாததால் மாத அறிக்கையில் புது நோயாளிகள் பூஜ்யம் என்றே போய்க்கொண்டிருந்தது. மேலிடத்துக்கு ஏக சந்தோஷம்.

இப்போது அவர் ஒரு வகுப்பறையில் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தார். ஒரு வெல்டர் வந்து உட்கார்ந்தார். பின்னால் நின்ற மனைவி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"போட்டாச்சு, எந்திரிங்க."

"அதுக்குள்ளயா? எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்லையே. பூப்போல கைம்மா உங்களுக்கு."

"இவருக்குச் சூடு பட்டாலே தெரியாது, அவ்வளவு தடிச்ச தோலு" என்றாள் மனைவி. வரிசையே சிரித்தது.

நர்ஸ் சிரிக்கவில்லை. சட்டைக் கையை இன்னும் மேலே ஏற்றினார். ஊசி போட்ட இடத்தைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிய தேமல். அவரைக் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டார்.

"தொடும்போது சொல்லுங்க."

"நீங்க தொடவே இல்லையே?"

தொட்டது மூன்றாவது முறை.

"பயப்படாதீங்க. மாத்திரையிலயே குணமாயிடும். கை கால் மடங்குறதுக்கு முன்னாடியே வந்துட்டீங்க."

அவர்களை அனுப்பிவிட்டு நேரே டாக்டரிடம் போனார். "ஊரே சட்டையை மடிச்சுக்கிட்டு வந்து நிக்குது டாக்டர். ஊசி போட்டப்புறம் அரை மணி நேரம் சும்மாதானே உக்காந்திருக்காங்க? கை, முதுகு எல்லாத்தையும் பாத்துடலாம். மறைவா ஒரு திரை மட்டும் வேணும்."

"இருக்கற கூட்டம் பத்தாதா?" என்று முனகிய டாக்டர், தன் அறை ஜன்னல் திரையைத் தானே கழற்றிக் கொடுத்தார்.

அந்த மாத அறிக்கையில் பதினோரு பேர். மேலதிகாரி போனில் பிடித்துக்கொண்டார்.

"பூஜ்யமா இருந்தது திடீர்னு எப்படிம்மா ஏறும்?"

"அப்போ யாரும் போய்ப் பாக்கலையே சார். எங்களைத்தான் இங்க உக்கார வச்சுட்டீங்களே."

எதிர்முனையில் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "எல்லா மையத்துலயும் செய்யணும்னா எத்தனை திரை வேணும்?" என்றார்.

அடுத்த மாதம் எண்ணிக்கை பல மடங்கானது. மாத்திரைப் பெட்டிகள் வந்து இறங்கின. பழைய பிரிவைத் திறக்கவும் உத்தரவு வந்தது. துருப்பிடித்த பூட்டு லேசில் மசியவில்லை. சேதி கேட்டு வெல்டரே வந்து அறுத்துக் கொடுத்தார். நர்ஸ் ஜன்னல்களை அகலத் திறந்து, மேஜையைத் துடைத்துவிட்டு, பையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்.