நிலமில்லாத வீட்டுக்கு வரி

2009 பிப்ரவரி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை, வில்ஃப் மெட்ஃபோர்த்தின் வீட்டுக்கு அடியில் இருந்த நிலம் முழுவதும் கடலுக்குள் சரிந்தது. வீடு சரியவில்லை. இருந்த இடத்திலேயே, அலைகளுக்கு ஐம்பது அடி உயரத்தில், காற்றில் நின்றது. அப்போது வில்ஃப் சமையலறையில் ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டுப் பின்கதவைத் திறந்தபோது தோட்டம் இல்லை, துணி காயப்போடும் கம்பம் இல்லை. கீழே சேற்று நிறத்தில் கடல் இருந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்து ரொட்டியைத் திருப்பிப் போட்டார். குளியலறையில் இருந்த மனைவி நோரீனிடம், தோட்டம் போய்விட்டது என்று மட்டும் சொன்னார்.

எங்கள் ஊர் ஸ்கெல்பி, இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் களிமண் மேட்டின் மேல் இருக்கிறது. கடல் ஆண்டுக்கு ஆறு அடி நிலத்தைத் தின்னும். ஆகவே நிலம் போனதில் யாருக்கும் வியப்பில்லை. வீடு நின்றதைப் பற்றி இரண்டு வாரம் பேசினோம். பாதிரியார் வந்து பார்த்து, காற்று வடக்கிலிருந்து வருகிறது, மழை பெய்யும் என்று சொல்லிவிட்டுப் போனார். வாசற்படிக்கும் சாலைக்கும் நடுவே நாலு அடி இடைவெளி விழுந்திருந்தது. வில்ஃப் முப்பது ஆண்டு கேரவன் வண்டிகளைப் பழுதுபார்த்தவர். அன்று மதியமே ஒரு சாரப்பலகையைக் குறுக்கே போட்டார். தபால்காரர் அதில் ஒருமுறை குதித்துப் பார்த்துவிட்டுக் கடிதங்களைக் கொடுத்தார். மின்கம்பி கம்பத்திலிருந்து தொங்கியது. தண்ணீர் ரப்பர் குழாயில் வந்தது. கழிவுநீர் எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை.

வீடு அதற்குப் பிறகு ஓர் அங்குலமும் அசையவில்லை. ஊர்தான் பின்வாங்கியது. மறு ஆண்டு இடைவெளி பத்து அடியானது, அடுத்த ஆண்டு பதினாறு. பலகை பாலமாயிற்று, பாலத்துக்குக் கயிற்றுக் கைப்பிடி வந்தது. பள்ளிச் சமையலறையில் இருபத்து நாலு ஆண்டு பரிமாறிய நோரீனுக்கு இடுப்பு மூட்டு மாற்றியிருந்தார்கள். நடை சரியாகவே இல்லை. 2012இல் தீயணைப்பு வீரர்கள் அவரை நாற்காலியில் கட்டி அக்கரை தூக்கிப் போகப் பார்த்தார்கள். பாதிப் பாலத்தில் பலகை இடுக்கு வழியாகத் தண்ணீரைப் பார்த்தவர் வாந்தியெடுத்தார். திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். அதன் பிறகு அவர் தரையை மிதிக்கவில்லை. தங்கையின் சாவுக்கும் போகவில்லை. முன்னறை ஜன்னலில் உட்கார்ந்து பேருந்து நிறுத்தத்தில் யார் ஏறுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார். ஹல் நகரத்தில் ஒரு தரைத்தளக் குடியிருப்பு, கதவைத் திறந்தால் நடைபாதை, அவ்வளவுதான் அவர் கேட்டது.

வீட்டை விற்க முடியவில்லை. தரகர் தொலைபேசியிலேயே சிரித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். வீடு இடியும் நிலையில் இருந்தால் மாற்று வீடு தருவதாகக் கவுன்சிலில் சொன்னார்கள். ஒரு பொறியாளர் வந்து சுவர்களையெல்லாம் ரப்பர் சுத்தியலால் தட்டினார், தரையைத் தட்டினார், கயிறு கட்டி இறங்கிக் கீழே இருந்த வெற்றிடத்தையும் பார்த்தார். கட்டடம் நல்ல நிலையில் உள்ளது, விழுவதற்கான அறிகுறி எதுவும் இல்லை என்று எழுதினார். அதோடு அந்த வழி மூடிக்கொண்டது.

பக்கத்து வீட்டில் ஏவ்ரில் பிளென்கின் இருந்தார். 1934இல் ஒரே கொத்தனார் கட்டிய நாலு வீடுகளில் இரண்டைக் கடல் கொண்டுபோயிருந்தது. மூன்றாவது மெட்ஃபோர்த் வீடு, சாலையோரம் இருந்த நாலாவது ஏவ்ரிலுடையது. வியாழக்கிழமைதோறும் அவர் பாலத்தைக் கடந்து சீட்டாட வருவார். 2013 மார்ச்சில், வரிச்சீட்டு வந்த வாரம், சீட்டைக் கலைத்துக்கொண்டே பேச்சுவாக்கில் கேட்டார்.

“உங்களுக்கு டி பிரிவா? எனக்கு பி ஆச்சே.”

நோரீன் கையிலிருந்த சீட்டைக் கவிழ்த்து வைத்தார். “அதே கொத்தனாரு, அதே மூணு ரூம்பு. உன் வீட்டுல ஒழுகுற எடத்துலதான் எங்க வீட்டுலயும் ஒழுகுது.”

“ஒழுகுறதுக்கெல்லாம் வரியக் கொறச்சா இந்த ஊர்ல ஒருத்தனும் கட்ட வேணாம்.”

எங்கள் நாட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் 1991 ஏப்ரல் முதல் தேதி என்ன விலை போயிருக்கும் என்று கணித்து ஏ, பி, சி என்று ஏதாவது ஒரு பிரிவில் போட்டிருக்கிறார்கள். பிரிவு ஏற ஏற வரி ஏறும். தவறான பிரிவு என்று நிரூபித்தால், கூடுதலாகக் கட்டியதை முதலிலிருந்து திருப்பித் தருவார்கள். வில்ஃப் அன்று மாலை உட்கார்ந்து கணக்குப் போட்டார். வரி தொடங்கிய 1993இலிருந்து இருபது ஆண்டுக்கு நாலாயிரத்து எண்ணூறு பவுண்டு வந்தது. ஹல் குடியிருப்புக்கு முன்பணமும் ஓராண்டு வாடகையில் பாதிக்கு மேலும் அதில் அடங்கும். நோரீனை இறக்க வாடகைக்குப் பளுதூக்கி கொண்டுவரலாம்.

ஏவ்ரில் அதை எதிர்பார்த்திருந்தார். அடுத்த வியாழன் கிளம்பும்போது வாசலில் நின்றார். “எழுதுறதுன்னா எழுது வில்ஃப். என் வீட்ட மட்டும் இழுக்காத. கொறைக்கிறதுக்கு மட்டும் அவங்க பேனா வச்சிருக்கல.”

ஆனால் மதிப்பீட்டு அலுவலகத்தின் படிவம், இதே போன்ற, குறைந்த பிரிவில் உள்ள வீடுகளின் முகவரியைக் கேட்டது. கடலுக்குள் போன வீடுகளை ஏற்க மாட்டோம் என்று தொலைபேசியில் சொன்னார்கள். வில்ஃப் நாலு நாள் படிவத்தை மேசையில் வைத்திருந்தார். ஐந்தாம் நாள் நோரீன், “வேற வழியிருக்கா?” என்று கேட்டார். “இல்ல,” என்றார் வில்ஃப். “அப்ப எழுது.” எழுதினார்.

எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. கவனத்துக்குக் கொண்டுவந்ததற்கு நன்றி தெரிவித்திருந்தார்கள். நாலாம் எண் வீடு பி பிரிவில் இருந்தது அலுவலகப் பிழை. அது டி பிரிவுக்கு மாற்றப்படுகிறது. தங்கள் வீட்டின் பிரிவு சரியாகவே உள்ளது. எங்கள் சேவை திருப்தியாக இருந்ததா என்று கேட்கும் ஓர் அட்டையும் உடன் இருந்தது.

அந்த வியாழன் ஏவ்ரில் வந்தார். பாலத்தில் ஏறவில்லை. அக்கரையில் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார்.

“நோரீன் இருக்காளா?”

“உள்ள இருக்கா. வாயேன், ஏவ்ரில்,” என்றார் வாசலில் நின்ற வில்ஃப்.

“அவகிட்ட சொல்லு. வருஷத்துக்கு இருநூத்தி அறுபது பவுண்டு கூட. எந்த மாசம் நான் ஹீட்டர அணைக்கணும்னு அவளே சொல்லட்டும்.”

ஜன்னல் திறந்தேயிருந்ததால் நோரீனுக்கு எல்லாம் கேட்டது. சீட்டுக்கட்டை இழுப்பறையில் போட்டார். வில்ஃப் மாதாமாதம் இருபத்தொரு பவுண்டும் சில்லறையும் ஓர் உறையில் வைத்து ஏவ்ரில் வீட்டுக் கதவிடுக்கில் போட்டுவந்தார். மாதாமாதம் அது பிரிக்கப்படாமல் பாலத்தின் தலைப்பில் ஒரு கல்லுக்கு அடியில் கிடந்தது. ஏழு உறைகளுக்குப் பிறகு நிறுத்திக்கொண்டார்.

2015இல் வரித் தீர்ப்பாயத்துக்குப் போனார். ஹல்லில் ஒரு விடுதிக் கூடத்தில் விசாரணை. பக்கத்துக் கூடத்தில் கல்யாண விருந்துக்கு நாற்காலிகளுக்கு வெள்ளைத் துணி கட்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு அடியில் நிலம் இல்லை என்று வில்ஃப் புகைப்படங்களைக் காட்டினார். தீர்ப்பாய உறுப்பினர் மூவரும் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். யாரும் அதை மறுக்கவில்லை.

“மதிப்பீட்டுத் தேதியில தோட்டம் எவ்ளோ தூரம் இருந்துச்சு, மிஸ்டர் மெட்ஃபோர்த்?” என்று நடுவில் இருந்த அம்மாள் கேட்டார்.

“நூத்தி அஞ்சு அடிங்க.”

“வீட்டுல விரிசல், சரிவு ஏதாவது?”

“இல்லீங்க. வீடு நல்லாருக்கு. அதுதாங்க பிரச்சனையே.”

அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிலத்தை மட்டும் தனியாகக் குறைக்கச் சட்டத்தில் வழி இருந்தால் தானே முதலில் செய்வேன் என்றார். அவர் குரலில் வருத்தம் உண்மையாகவே இருந்தது என்று வில்ஃப் பிறகு எங்களிடம் சொன்னார். மனு தள்ளுபடியானது.

மறு ஆண்டு நவம்பரில் ஏவ்ரிலின் வீடு விழுந்தது. எல்லா வீடுகளையும் போல, நிலத்தோடு சேர்ந்து, கூரை முதலில் உடைந்து விழுந்தது. அவர் அப்போது பிங்கோ ஆடப் போயிருந்தார். வீடு விழுந்தவர் என்பதால் ஒன்பதே நாளில் ஹல்லில் தரைத்தளக் குடியிருப்பு கிடைத்தது. தபால்காரர் சொல்லித்தான் மெட்ஃபோர்த் வீட்டுக்குத் தெரிந்தது. “அவளுக்கு நடபாதையில தெறக்குற கதவு கெடச்சிருச்சு,” என்றார் நோரீன்.

அதற்கடுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் வீட்டை விழவைக்கப் பார்த்தார்கள். வில்ஃப் முன்னறையின் நடுவில் நின்று குதித்தார், அப்போது அவருக்கு எழுபத்து மூன்று வயது. குதிக்க முடியாத நோரீன் சுவரைப் பிடித்துக்கொண்டு ஊன்றுகோலால் தரையை இடித்தார். அலமாரியில் கிண்ணங்கள் ஆடின. ஒரு படம் விழுந்தது. வீடு அசையவில்லை. மூச்சு வாங்கியபடி சோபாவில் உட்கார்ந்தார்கள். “நல்லாத்தான் கட்டிருக்கான், பாவி,” என்றார் நோரீன். வில்ஃப் சிரித்தார். அந்தச் சிரிப்பு எங்கே மாறியது என்று அவருக்கே தெரியவில்லை, நோரீன் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

2019 மார்ச் மூன்றாம் தேதி நோரீன் இறந்தார். அப்போது இடைவெளி அறுபத்து நாலு அடி. சவப்பெட்டியோடு ஆறு பேர் கயிற்றுப் பாலத்தில் நடக்க முடியாது என்பதால், பின்கதவு வழியாகக் கப்பியில் இறக்கி நண்டுப் படகொன்றில் வைத்துக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். ஏழு ஆண்டுக்குப் பிறகு நோரீன் தரைக்கு வந்தார். ஏவ்ரில் இரண்டு பேருந்து மாறி வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்தில் வில்ஃப் அவரருகே போய் நின்றார்.

“திட்டணும்னா திட்டிரு, ஏவ்ரில்.”

“திட்டுறதுக்கு ரெண்டு பஸ்ஸு மாறி வருவேனா? கடைசில வலி இருந்துச்சா அவளுக்கு?”

“இல்ல. தூக்கத்துலதான்.”

“படிவத்துல எழுதுன்னு சொன்னது அவதான, நீ இல்லயே?”

“நான்தான்,” என்றார் வில்ஃப்.

ஏவ்ரில் தலையாட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை. பேருந்துக்கு நேரமாகிவிட்டது.

மே மாதம் கவுன்சிலிலிருந்து ஒரு பெண் வந்தார். ஒருவர் மட்டும் வசிக்கும் வீட்டுக்கு வரியில் நாலில் ஒரு பங்கு தள்ளுபடி உண்டு; வில்ஃப் கேட்டிருக்கவில்லை, இறப்புப் பதிவிலிருந்து அவர்களே பார்த்திருக்கிறார்கள். காலணியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி பாலத்தைக் கடந்து வந்தவர், ஒவ்வோர் அறையாகப் பார்த்தார். குளியலறையில் நின்றார்.

“பல்லு வெளக்குற பிரஷ் ரெண்டு இருக்கேங்க.”

“அது அவளோடது.”

அந்தப் பெண் படிவத்தில் ஒன்று என்று எழுதினார். தேநீர் குடிக்கும்போது வில்ஃப், “நெலம் இல்லங்கறத எங்கயாவது குறிச்சுக்குறீங்களா?” என்று கேட்டார். பெண் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். “அதுக்கு எடம் இல்லீங்க, சார்,” என்றார், மெதுவாக.

வரி கட்டத் தொடங்கி இருபத்தாறு ஆண்டுக்குப் பிறகு வந்த முதல் குறைப்பு அது. மார்ச் மூன்றாம் தேதியிலிருந்து கணக்கிட்டு முப்பத்தொரு பவுண்டு திருப்பி அனுப்பினார்கள். வில்ஃப் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடி, முன்னறைக்குக் கேட்கும் குரலில் கடைசி வரி வரைக்கும் படித்தார்.

இந்த ஆண்டு இடைவெளி நூறு அடி. வீடு டி பிரிவில் இருக்கிறது, மழை பெய்தால் நண்டுப் படகுக்காரர்கள் அதன் அடியில் ஒதுங்குகிறார்கள். மேலே வில்ஃப் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்கும். மழை விட்டதும் போய்விடுகிறார்கள்.