துணைக்கு யாரு?

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்கு ‘பாஸ் அக்கா’ என்று பெயர். நோயாளிக்குத் துணையாக இருப்பவருக்கு ஒரு மஞ்சள் அட்டை கொடுப்பார்கள். அந்த பாஸ் கழுத்தில் தொங்கினால்தான் கீழ்த்தளத்துக் காத்திருப்புக் கூடத்தில் இருக்கலாம், படுக்கலாம், பின்பக்கக் குளியலறையில் குளிக்கலாம். நோயாளி வீடு திரும்பும் நாளில் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வந்தவர்கள் நாலு நாளோ பத்து நாளோ இருந்துவிட்டுக் கிளம்பினார்கள். அவள் கழுத்தில் மட்டும் ஏழு மாதமாக யாருடைய பாஸாவது தொங்கிக்கொண்டே இருந்தது.

அதில் பெரிய தந்திரம் ஒன்றும் இல்லை. வேலைக்கு ஓட வேண்டிய மகனும், கைக்குழந்தையை விட்டுவிட்டு வந்த மருமகளும், “கொஞ்சம் பாத்துக்கோங்கக்கா” என்று அட்டையைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஸ்கேனுக்கு வரிசையில் நிற்பாள், மருந்து வாங்கி வருவாள், முகம் தெரியாத கிழவிகளுக்குத் தலை வாரிவிடுவாள். அவர்கள் சாப்பிடும்போது அவளுக்கும் ஒரு பங்கு கிடைக்கும். வாசல் காவலாளிக்கு விஷயம் தெரியும். அவருக்கும் அக்கா தங்கை இருந்தார்கள் போலும், கண்டும் காணாததுபோல இருந்தார்.

முன்பு அவள் ஒரு வீட்டில் பத்தொன்பது வருஷம் தங்கி வேலை பார்த்தவள். சமையலறையை ஒட்டிய அறைதான் அவளுடையது. அந்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டையும் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். ஒரு நாள் குடும்பம் மொத்தமும் வெளிநாட்டுக்குப் போவது என்று முடிவாயிற்று. வீட்டை இடித்து மாடி மாடியாகக் கட்டப்போகிறவரிடம் சாவி போனது. மற்றவர்களுக்கு வேலை போனால் ஒண்ட ஒரு வீடாவது மிஞ்சும். அவளுக்கு இரண்டுக்கும் ஒரே கதவு, அதைப் பூட்டிவிட்டார்கள். பிள்ளைகள் காரின் பின்கண்ணாடி வழியாகக் கையாட்டியதை மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அண்ணன் வீட்டுக்குப் போனாள். இரண்டு அறை, ஐந்து பேர், அவளோடு ஆறு. அண்ணி கெட்டவள் இல்லை, ஆனால் பாத்திரத்தை வைக்கும் சத்தம் நாளுக்கு நாள் கூடியது. அந்த நேரம் பார்த்து அண்ணனுக்கு வயிற்றில் ஆபரேஷன். துணைக்கு இருக்க அவளை விட்டால் யார்? இருபத்திரண்டு நாள் கூடத்திலேயே கிடந்து பார்த்துக்கொண்டாள். வீட்டுக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்த அன்று, வாடகை வண்டியில் அண்ணன், அண்ணி, பிள்ளைகள், மூட்டைகள் எல்லாம் ஏறிய பிறகு அண்ணி சொன்னாள்: “இடம் இல்ல பாரு. நாங்க முன்னாடி போறோம், உனக்குச் சொல்லி அனுப்புறோம்.” அண்ணன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லி அனுப்ப யாரும் வரவில்லை. அவளும் போகவில்லை.

மழைக்காலம் தொடங்கிய வாரம் பெயின்டரைக் கொண்டுவந்தார்கள். மூன்றாவது மாடி உயரச் சாரத்திலிருந்து விழுந்தவர். ஐம்பது வயதிருக்கும். காதோரம் பச்சைப் பெயின்ட் காய்ந்திருந்தது. தூக்கி வந்த இரண்டு பேரும் ஸ்ட்ரெச்சரில் கிடத்திய கையோடு நழுவிவிட்டார்கள்.

“இவருக்குத் துணைக்கு யாரு?” என்று சிஸ்டர் கூடம் முழுக்கக் கேட்கக் கத்தினாள். “கால்ல ஆபரேஷன் பண்ணணும், கையெழுத்துப் போட ஆள் வேணும். யாராவது இருக்கீங்களா இல்லையா?”

அன்று காலைதான் பாஸ் அக்காவின் பழைய நோயாளி வீட்டுக்குப் போயிருந்தாள். கழுத்து காலியாக இருந்தது. காவலாளியும் எத்தனை நேரம்தான் கண்ணை மூடிக்கொண்டிருப்பார்? ஆனால் அவள் எழுந்ததற்கு அது மட்டும் காரணம் என்று சொன்னால் பாவம். வலியில் முனகிக்கொண்டிருந்த அந்த மனிதர், சிஸ்டர் கேட்ட கேள்விக்கு யாராவது பதில் சொல்வார்களா என்று தலையைத் திருப்பித் தேடியதை அவள் பார்த்தாள்.

“நான்தான் சிஸ்டர்,” என்றாள். “தங்கச்சி.”

படிவத்தில் விலாசம் என்று இருந்த இடத்தில், இடித்துவிட்ட அந்தப் பழைய வீட்டின் விலாசத்தை எழுதினாள். தன்னுடையது என்று சொல்ல வேறு விலாசம் அவளிடம் இல்லை.

மறுநாள் மயக்கம் தெளிந்து கண் விழித்த பெயின்டர், ஈரத்துணியால் தன் காதோரத்துப் பெயின்டைத் துடைத்துக்கொண்டிருந்தவளை வெகுநேரம் பார்த்தார்.

“யாரும்மா நீ?”

“உங்க தங்கச்சி.”

“எனக்குத் தங்கச்சியே கிடையாதே.”

“நேத்து மத்தியானத்துல இருந்து உண்டு. சத்தமா சொல்லாதீங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்து, சிரித்ததில் விலா வலித்து, “ஐயோ, சிரிக்க வைக்காத தாயி,” என்று முனகினார்.

பழகப் பழக அவர் கதையும் வந்தது. மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகியிருந்தது, பிள்ளை இல்லை. வாடகை ஏறிக்கொண்டே போக, ஒரு கட்டத்தில் அறையை விட்டுவிட்டு, பெயின்ட் அடிக்கும் வீட்டிலேயே படுத்துக்கொள்ளத் தொடங்கினார். பட்டி பார்த்து, முதல் கோட் அடித்து, இரண்டாவது கோட் காய்ந்ததும் வீட்டுக்காரர் வந்துவிடுவார். இவர் அடுத்த கட்டடத்துக்குப் போவார்.

“எத்தனை புது வீட்டுல நான்தான் முதல்ல குடியிருந்திருக்கேன் தெரியுமா?” என்று பெருமையாகவே சொன்னார். “ஒருத்தன் வீட்டுலயும் ஜன்னலுக்குக் கதவு இருந்ததில்ல, அவ்வளவுதான்.”

அவளும் தன் கதையைச் சொன்னாள். காரின் பின்கண்ணாடியையும் சேர்த்தே சொன்னாள். அவர் தனக்கு வந்த ரொட்டியில் பெரிய பாதியை அவள் பக்கம் தள்ளினார்.

மூன்றாவது வாரம், ஊருக்கு வெளியே இரண்டு பேருந்துகள் மோதிக்கொண்டன. எலும்பு வார்டில் தரையெல்லாம் ஆட்கள். நடக்க முடிந்தவர்கள், முடியாதவர்கள் என்று பார்க்காமல், ஆபத்துத் தாண்டியவர்கள் எல்லோருக்கும் டிஸ்சார்ஜ் எழுதினார் டாக்டர். பெயின்டரின் காலில் தொடை வரை மாவுக்கட்டு. இன்னும் ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது, நனையவும் கூடாது.

பாஸ் அக்கா மூச்சிரைக்க ஓடி, ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளர் அறைக்குப் போனாள். போக்கிடம் இல்லாத நோயாளிகளுக்கு விடுதிகளில் இடம் பார்த்துக் கொடுப்பது அந்த மேடத்தின் வேலை. முப்பது வயதுக்காரி. மேசை முழுக்கக் கோப்புகள், நடுவில் ஆறிப்போன தேநீர்.

“மேடம், பெயின்டர வெளிய அனுப்புறாங்க. அவருக்கு விடுதியில ஒரு இடம் வேணும்.”

மேடம் கோப்பைத் திருப்பினாள். “அவருக்கு எதுக்கு? தங்கச்சி வீடு இருக்குன்னு எழுதியிருக்கே. நீங்கதானே அது? விடுதிக்கு முதல்ல அவர் பேரத்தான் போட்டிருந்தேன். கோப்புல சொந்தக்காரங்க இருக்காங்கன்னு பாத்ததும் எடுத்துட்டு அந்த இடத்த வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டேன். ஆண்கள் விடுதியில இப்ப ஒரு கட்டில்கூட காலி இல்ல.”

அவளுக்கு, நல்லது செய்ததாக நினைத்து அந்த மனிதரின் இடத்தைத் தானே பறித்திருக்கிறோம் என்று புரிய ஒரு நிமிஷம் பிடித்தது.

“நான் அவர் தங்கச்சி இல்ல மேடம்.”

“என்ன?”

“அந்த விலாசத்துல வீடும் இல்ல, இடிச்சுட்டாங்க. நான் கீழ கூடத்துலதான் இருக்கேன். ஏழு மாசமா.”

மேடம் பேனாவைக் கீழே வைத்தாள். கோபம்தான் முதலில் வந்தது. “ஆபரேஷனுக்குப் பொய்க் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அவருக்கு ஏதாவது ஆகியிருந்தா?” என்றாள். பிறகு, “ஏழு மாசமா நான் தினம் அந்தக் கூடத்தத் தாண்டித்தான் வர்றேன். நான் பாக்கவே இல்லையே,” என்றாள். அதைச் சொல்லும்போது குரல் இறங்கியிருந்தது.

அரை மணி நேரம் தொலைபேசியிலேயே இருந்தாள். கடைசியில் ஒரே ஒரு இடம் கிடைத்தது, பெண்கள் விடுதியில். ஆண்கள் விடுதி கையை விரித்துவிட்டது.

“அத அவருக்குக் குடுங்க மேடம்.”

“பெண்கள் விடுதியில ஆம்பளைய எப்படி வைப்பாங்க? இன்னிக்கு நீங்க போகலைன்னா இதுவும் போயிடும்.”

படியிறங்கி வந்து சொன்னபோது பெயின்டர் ஏற்கெனவே சக்கர நாற்காலியில் இருந்தார். அவருடைய கட்டிலில் ஒரு சின்னப் பெண்ணைப் படுக்க வைத்திருந்தார்கள்.

“என்னாலதான்,” என்று அவள் அழுதாள். “வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா உங்களுக்கு இடம் கிடைச்சிருக்கும்.”

“நீ சும்மா இருந்திருந்தா அன்னிக்கு என் கால யாரு பாத்திருப்பா? போ, போய்க் கட்டில்ல படு. கூட வேலை பாக்குறவன் வண்டியோட வர்றான். ஒரு கட்டடம் இருக்காம், கூரை போட்டாச்சாம். எனக்கென்ன புதுசா?”

எந்தக் கட்டடம் என்று கேட்டாள். அவருக்கே தெரியவில்லை.

பத்து நாள் கழித்து ஆண்கள் விடுதியில் ஒரு கட்டில் காலியானது. மேடம் தானே பெண்கள் விடுதிக்கு வந்து சொன்னாள். இருவரும் சேர்ந்து தேடினார்கள். மேடத்துக்கு அலுவலகம் இருந்த நாட்களில் அவள் மட்டும் போனாள். எங்கெல்லாம் செங்கல் இறங்கியிருந்ததோ அங்கெல்லாம் நின்று, “கால்ல கட்டுப் போட்ட பெயின்டர்” என்று கேட்டாள். ஒரு கட்டடத்தில் இருந்தார், மேஸ்திரி விரட்டிவிட்டார் என்றார்கள். இன்னொன்றில் இரண்டு நாள் பார்த்தோம் என்றார்கள். இடையில் நாலு நாள் விடாத மழை.

ஆறாம் நாள் ஆற்றுப்பக்கம் பாதியில் நின்றுபோன ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் அவரைக் கண்டாள். மாவுக்கட்டு ஊறி, கூழாகி, பாதி உதிர்ந்திருந்தது. காய்ச்சலில் அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அவள் அக்கம்பக்கத்து ஆட்களைக் கூப்பிட, எல்லோருமாக அதே ஆஸ்பத்திரிக்கு, அதே வாசல் வழியாகத் தூக்கிப்போனார்கள். உயிர் பிழைத்தது. கால் கோணலாகக் கூடியிருந்தது. உடைத்து மறுபடி சேர்க்க உடம்பில் வலு இல்லை என்றார் டாக்டர். இனி சாரம் ஏற முடியாது.

ஆண்கள் விடுதியில் இடம் கொடுத்தார்கள். பன்னிரண்டு கட்டில் போட்ட நீளமான அறையில் ஜன்னலோரக் கட்டில். ஞாயிறு தோறும் அவள் போய்ப் பார்க்கிறாள். வந்த புதிதில் அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். இப்போது பேசுகிறார். பேச்சு சில நிமிஷத்தில் நின்றுவிடும். அதற்குப் பிறகு இருவரும் கோணல் காலுக்கு எண்ணெய் தேய்ப்பதில் மும்முரமாக இருப்பார்கள்.

அவளுக்கு ஆஸ்பத்திரியிலேயே துணி வெளுக்கும் பகுதியில் ஒரு வேலையை மேடம் பேசி முடித்திருக்கிறாள். ஆனால் பெண்கள் விடுதியில் ஒருவர் மூன்று மாதம்தான் தங்கலாம். மேலும் மூன்று மாதம் கேட்டு மனு எழுதிப் போட்டிருக்கிறார்கள். வார்டன் கடிதக்கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் அவள் வாசலில் போய் நிற்கிறாள். “இன்னும் வரலம்மா, வந்தா நானே கூப்பிட மாட்டேனா?” என்கிறார் வார்டன். அவள் தலையாட்டிவிட்டு வேலைக்குக் கிளம்புகிறாள்.