ஏசுவே என்று கூப்பிடுகிறவன்

என் தம்பி சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறான். கனத்த பெட்டியைத் தூக்கும்போதெல்லாம் "ஏசுவே" என்பான். கூட வேலை செய்கிறவர்கள், "ஏசச் சொல்றியா? இந்தா வாங்கிக்கோ" என்று வாய்க்கு வந்தபடி ஏசுவார்கள். அவன் சிரித்துக்கொண்டே அடுத்த சட்டையை எடுப்பான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். நான் சாமியையும் நம்புகிறதில்லை, மனுஷனையும் நம்புகிறதில்லை, இவன் ஒருத்தனைத் தவிர.

போன வாரம் கொதிக்கிற தண்ணீர் கொட்டி அவன் கை வெந்துபோனது. கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். கடையில் கூட வேலை செய்கிற பயல்கள் இரண்டு பேர் பார்க்க வந்திருந்தார்கள்.

"அவ்வளவு கூப்பிட்டியே, வந்தாரா உங்க ஆளு?" என்றான் ஒருத்தன்.

நான் தம்பியின் காதில், "டேய், இன்னைக்கு மட்டும் மனசுக்குள்ள சொல்லிக்கடா. இவனுங்க பல்லைக் காட்டுவானுங்க" என்றேன்.

"ஏண்ணே, வலிச்சா அம்மாவ மனசுக்குள்ளயா கூப்பிடுவ?"

நர்ஸ் ஒட்டியிருந்த துணியைப் பிரித்தாள்.

"ஏசுவே!"

அறையே திரும்பிப் பார்த்தது. சிரிக்க வாய் திறந்தவனை நான் முறைத்த முறைப்பில் அவன் வாய் மூடிக்கொண்டது.

"இன்னும் சத்தமா கூப்பிடுடா" என்று தம்பியின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டேன்.