கையகலத் தோட்டம்

பொன்னுத்துரை விடிவதற்கு முன்பே எழுந்துவிடுவான். பாயைச் சுருட்டி மூலையில் சாத்துவான். வேப்பங்குச்சியால் பல் விளக்குவான். கடுங்காப்பி போட்டு நின்றபடியே குடிப்பான். பிறகு வளவு வீடுகளுக்குப் பொதுவான கிணற்றில் இரண்டு வாளி இறைத்துவந்து, தன் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் சட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவான். ஒரு சட்டிக்கு ஒரு செம்பு. செடி இருந்த சட்டிக்கும் ஒரு செம்பு, செடி காய்ந்து குச்சியாக நின்ற சட்டிக்கும் ஒரு செம்பு, வெறும் மண்ணாகக் கிடந்த சட்டிக்கும் ஒரு செம்பு. அது முடிந்தால் குளியல், சட்டை, தபாலாபீஸ்.

அடுத்த வீட்டு உம்மு சல்மா சன்னல் வழியாக இதைப் பல நாள் பார்த்துவிட்டு, ஒரு நாள் கேட்டேவிட்டாள்.

"ஏந் தம்பி, அந்தச் சட்டியில என்ன போட்டிருக்கீங்க?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாததுக்கா இம்புட்டுத் தண்ணி? எனக்கு ஊத்துனா நானாச்சும் ரெண்டு இலை விட்டிருப்பேன்."

அவன் அடுத்த சட்டிக்கு நகர்ந்தான். அவளும் அதற்குமேல் கேட்கவில்லை. அவன் பெண்டாட்டி பேச்சாயி புரட்டாசியில் செத்துப்போனதை வளவில் அறியாதவர் இல்லை.

சட்டிகள் பேச்சாயி வைத்தவை. அவள் ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கத்து ஊரில் கிணற்றுப் பாசனத் தோட்டத்தில் வளர்ந்தவள். கல்யாணமாகித் திண்டுக்கல்லுக்கு வந்தபோது இரண்டு அறையும் இந்தச் சந்தும்தான் கிடைத்தன. சந்தில் ஒருவர் நடந்தால் எதிரே வருபவர் சுவரோடு ஒட்டி நிற்கவேண்டும். தரை முழுக்கக் கல் பாவியிருந்தது. வந்த வாரமே ஓட்டைப் பானை, மண்ணெண்ணெய்த் தகரம், டால்டா டப்பா என்று கண்ணில் பட்டதையெல்லாம் கொண்டுவந்து அடுக்க ஆரம்பித்தாள். தகரங்களின் அடியில் ஆணியால் துளை போட்டாள். குளத்துக் கரம்பை மண்ணும் ஆட்டுப் புழுக்கையும் பிறந்த வீட்டிலிருந்து பஸ்ஸின் மேல் ஏறி வந்தன. கத்தரி, மிளகாய், வெண்டை, ஓட்டுக் கூரைக்குக் கயிறு கட்டி ஏற்றிய அவரை.

சந்துக்குள் வெயில் ஒரு கோடாகத்தான் விழும். காலையில் மேற்குச் சுவரோரம், மத்தியானத்துக்கு மேல் கிழக்குச் சுவரோரம். பேச்சாயி வெயில் போன பக்கமெல்லாம் சட்டிகளை நகர்த்துவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பொன்னுத்துரையும் தகரத்தை ஒரு பக்கம் பிடிப்பான். "பி.ஏ. படிச்ச கையி, பாத்துப் பிடிங்க" என்பாள்.

அவள் அம்மா ஒச்சம்மாள் ஞாயிறுதோறும் கத்தரிக்காய்க் கூடைகளோடு திண்டுக்கல் சந்தைக்கு வருவாள். விற்று முடித்து, ஊர் திரும்பும் வழியில் மகள் வீட்டுக்குள் நுழைவாள். நுழைந்ததும் முதல் சண்டை சட்டிகளால்தான்.

"அங்க தோட்டத்துல விளையறது போதாதுன்னு இவ டப்பாவுல வெவசாயம் பாக்குறா."

"உன் கத்திரிக்கா சந்தைக்குப் போகும் ஆத்தா. என் கத்திரிக்கா நேரா அடுப்புக்குப் போகும்."

இருவருக்கும் சளைப்பே கிடையாது. பஸ் கிளம்பும் நேரம்வரை நடக்கும். மறு ஞாயிறு விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

பேச்சாயிக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கடைசி நாள் மத்தியானம் ஒச்சம்மாள் கஞ்சி சுடவைக்க வெளியே போயிருந்தாள். கட்டிலருகில் பொன்னுத்துரை மட்டும் இருந்தான். பேச்சாயி கண் திறந்து அவனிடம் ஒன்று சொன்னாள். சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள். மறுபடி கண்ணை மூடினாள். ஒச்சம்மாள் கஞ்சியோடு வந்தபோது மூச்சு இல்லை.

வீட்டில் கிடத்தியிருந்தபோது ஒச்சம்மாள் மகளின் தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள். ஒப்பாரியில் வரிகள் யாரைக் கேட்டும் வருவதில்லை. ராகம் ஓடும், சொல் வந்து விழும். அப்படித்தான் இதுவும் விழுந்தது:

"தங்கச்சியக் கட்டுங்கன்னு சொல்லிப்புட்டு
தனிவழியே போனியே எம் மகளே."

சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "கேட்டியா, கடைசியா இதத்தான் சொல்லுச்சாம்" என்றாள் ஒருத்தி. கருமாதிக்குள் அது ஊர் முழுக்கப் போய்விட்டது. மாமியார் வீட்டுப் பங்காளிகள் வந்து, "ஆமாவா மாப்ள?" என்று கேட்டபோது பொன்னுத்துரை தலையசைத்தான். அந்த நாட்களில் அவன் எல்லாவற்றுக்கும் தலையசைத்தான். சாப்பிடுகிறாயா என்றாலும், தூங்குகிறாயா என்றாலும் அதே தலையசைப்பு. போகப்போக ஒச்சம்மாளே, அந்தச் சொல்லைத் தன் காதால் கேட்டதுபோலப் பேச ஆரம்பித்தாள்.

பேச்சாயி உண்மையில் என்ன சொன்னாள் என்பது பொன்னுத்துரை ஒருவனுக்குத்தான் தெரியும். அது ஒச்சம்மாளிடம் சொல்லக்கூடிய பேச்சாக அவனுக்குத் தோன்றவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள். அதைக் கேட்டால் நெஞ்சில் முள்ளாகத் தைக்கும். அவன் வாயைத் திறக்கவில்லை.

தபாலாபீஸில் அவனுக்குத் தந்தி ஜன்னல். சாவுச் செய்தி எழுதிக்கொண்டு வருகிறவர்களுக்குக் காசு மிச்சமாகும்படி அதிகப்படி வார்த்தைகளைக் கோடிட்டு அடித்துக் கொடுப்பான். வேலை அவனுக்குத் தோதாக இருந்தது.

பங்குனியில் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை முடிந்ததும் பேச்சாயியின் தங்கை சண்முகவள்ளி அம்மாவோடு ஞாயிறுதோறும் வர ஆரம்பித்தாள். ஒச்சம்மாள் சந்தையில் இருக்கும்போது வள்ளி இங்கே வந்து சோறு ஆக்கிவைப்பாள். முதல் ஞாயிறு சந்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"மச்சான், இந்தச் சட்டியில எதுவும் இல்ல."

"ம்."

"ஆனா ஈரமா இருக்கு."

"ம்."

அவள் ஒரு பானையைச் சரித்து மண்ணைக் கல்தரையில் கொட்டினாள். அது பேச்சாயி கையால் அழுத்தி நிரப்பிய மண். மாதக்கணக்கில் தண்ணீர் மட்டுமே குடித்து அடைபோல இறுகி, ஒரு மாதிரி புளித்த வாடை அடித்தது. வள்ளி அதை விரலால் உடைத்து வெயிலில் பரப்பினாள்.

"மண்ணு மூச்சு விடணும்ல" என்றாள்.

அவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, எதிர்ப்பக்கத்துக் கட்டியை உடைக்க ஆரம்பித்தான்.

அடுத்த ஞாயிறு புது எரு வந்தது. வெண்டை ஊன்றினார்கள், கீரை தெளித்தார்கள், மிளகாய் நாற்று வைத்தார்கள். சித்திரை வெயிலில் எல்லாம் சடசடவென்று கிளம்பின. பழைய அவரையில் அசுவினிப் பூச்சி அடைந்தபோது, சுருட்டுக் கம்பெனிக்குப் போகும் தன் மகனிடம் சொல்லி உம்மு சல்மா ஒரு பொட்டலம் புகையிலைத் தூசி வாங்கிக் கொடுத்தாள். ஊறவைத்துத் தெளித்தான். பூச்சி உதிர்ந்தது. அவனுக்கு இரண்டு நாள் தும்மல் நிற்கவில்லை. "செடிக்கு அடிக்கச் சொன்னா தம்பி தானே அடிச்சுக்கிட்டாரு" என்று வளவில் பேச்சாகிவிட்டது. அவனுக்கே சிரிப்பு வந்தது. தன் சிரிப்புச் சத்தம் அவனுக்கு வேறு யாருடையதோ போலக் கேட்டது.

ஆபீஸ் கிளம்புமுன் சட்டிகளை வெயிலுக்கு நகர்த்தினான். திரும்பி வந்ததும் முதலில் சந்துக்குள்தான் போனான். ஞாயிற்றுக்கிழமை தாளிக்கும் வாசனை வந்தால் வீடு வீடாக இருந்தது. ஞாயிறு எப்போது வரும் என்று தான் காத்திருப்பதையும் அவன் கவனித்தான். பேசாமல் இருந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக நடந்துவிடும் என்றும் தெரிந்தது. அது சுலபமாகத்தான் இருந்தது.

வைகாசிக் கடைசியில் ஒரு ஞாயிறு. வள்ளி வெண்டைக்காய் பறித்துக்கொண்டிருந்தாள்.

"மச்சான், நான் பாஸாயிட்டேன். டீச்சர் டிரெய்னிங்குக்கும் எடம் கெடச்சிருச்சு. ஆனி பத்து சேரணும்."

"நல்லது."

"எங்க நல்லது? அதுக்கு முன்ன நமக்குப் பரிசம் போடணும்னு ஆத்தா நிக்கிது. கல்யாணம் ஆகப்போற பிள்ளைக்கு டிரெய்னிங் எதுக்குங்குது."

அவன் மிளகாய்ச் செடியின் பழுத்த இலையைக் கிள்ளினான்.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றாள் வள்ளி. "அக்கா நெசமா அப்படிச் சொன்னுச்சா? சொல்லியிருந்துச்சுன்னா நான் மறுபேச்சுப் பேசல. அக்காவுக்காகக் கட்டிக்கிறேன். நீங்க நல்லவுகதான். ஆனா சொன்னுச்சான்னு எனக்குத் தெரியணும்."

"இல்ல" என்றான் பொன்னுத்துரை.

வள்ளி கையிலிருந்த காய்களைக் கீழே வைத்தாள். "அப்ப என்ன சொன்னுச்சு?"

"அது உங்க ஆத்தாவுக்குச் சொல்லவேண்டியது. சொன்னா மனசு ஒடஞ்சு போகும்."

"சொல்லாட்டி?"

அவன் கிள்ளிய இலையைச் சட்டி மண்ணுக்குள் புதைத்தான்.

"நீங்க பேசாம இருக்க இருக்க அது நெசமாயிட்டே வருது மச்சான்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. காய்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறு ஞாயிறு ஒச்சம்மாள் சந்தையிலிருந்து வரும்போதே தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, மஞ்சளோடு வந்தாள். சந்து வாசல்படியில் உட்கார்ந்தாள். வள்ளி கதவோரம் நின்றாள்.

"வார புதன்கெழமை நல்ல நாளா இருக்கு மாப்ள. பெருசா ஒண்ணும் வேணாம். வெத்தலை மாத்திக்கிருவோம். எம் மக சொல்லிட்டுப் போனத நாம முடிச்சு வச்சாத்தான் அவ கட்டை வேகும்."

பேச்சோடு பேச்சாக அவள் கை பக்கத்தில் இருந்த கீரைச் சட்டிக்குப் போனது. வயலில் வேலை பார்த்த கை சும்மா இருக்காது. கொத்தாகப் பிடித்து ஒரு இழு.

"அத்தே" என்றான் பொன்னுத்துரை. "அவ அப்படிச் சொல்லல."

ஒச்சம்மாளின் முகம் மாறியது. "நான் பொய் சொல்றேன்கிறீகளா?"

"பொய்யில்ல. நீங்க அழுதீக. அழுகையில வந்து விழுந்துச்சு. எல்லாரும் அத எடுத்துக்கிட்டாக. நானும் பேசாம இருந்துட்டேன். வள்ளி படிக்கப் போகட்டும் அத்தே."

சண்டை வரும் என்று வள்ளி ஒரு அடி முன்னால் வந்தாள். வந்தது வேறு.

"நான் கஞ்சி சுடவைக்கப் போயிட்டேன்" என்றாள் ஒச்சம்மாள். "பெத்தவ பக்கத்துல இல்ல. என்ன சொன்னான்னு வாரவுக எல்லாம் கேக்குறாக. எனக்கு என்ன தெரியும்? அதான் பாட்டுல வந்ததையே பிடிச்சுக்கிட்டேன் போலருக்கு." மூக்கைத் துடைத்தாள். "என்னதான் சொன்னா? ஏதாச்சும் சொன்னாளா, இல்லையா?"

"சொன்னா. உங்களப் பத்தித்தான் சொன்னா."

சொன்ன பிறகுதான் அது அவனுக்கே உறைத்தது. இத்தனை மாதமாக அதை ஒரு குத்தல் பேச்சாகவே வைத்திருந்தான். கடைசி மூச்சில் பேச்சாயி நினைத்தது அவனையல்ல, தன் ஆத்தாளைத்தான் என்பது இப்போது வாயால் சொல்லும்போதுதான் தெரிந்தது.

"என்னயப் பத்தியா?"

அவன் சொன்னான்.

ஒச்சம்மாள் தன் கையைப் பார்த்தாள். கீரை வேரும் மண்ணுமாக அதில் இருந்தது. சிரிப்புத்தான் முதலில் வந்தது, அடக்க முடியாத சிரிப்பு. பிறகு அழுதாள். ராகம் இல்லை, வரி இல்லை. வெறும் அழுகை. உம்மு சல்மா சன்னலுக்கு வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போனாள்.

"அவதான்" என்றாள் ஒச்சம்மாள். "சந்தேகமே இல்ல, எம் மகதான். வேற எவ சொல்லுவா என்னய இப்படி?"

கீரையைத் திரும்பச் சட்டியில் நட்டு, கட்டை விரலால் மண்ணை அழுத்தினாள். வாடித்தான் போகும் என்று அவளுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் ஒவ்வொன்றாக நட்டாள். வள்ளி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள்.

"ஏண்டி, அந்தப் பள்ளிக்கொடம் என்னைக்குன்ன?"

"ஆனி பத்து."

"போட்டுக்க நல்ல சேலை ரெண்டு வேணுமே. வெத்தலைத் தட்ட எடுத்து உள்ள வையி."

வள்ளி தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு போனாள். உள்ளே போன பிறகு அவள் மூச்சு விட்ட சத்தம் வெளியே கேட்டது. பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. ஒச்சம்மாள் எழுந்திருக்கவில்லை. கையில் ஒட்டிய மண்ணைத் தட்டாமல் அப்படியே மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னொருக்கச் சொல்லுங்க மாப்ள. அவ எப்படிச் சொன்னாளோ அப்பிடியே."

பொன்னுத்துரை அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தான். பேச்சாயி சொன்னபடியே சொன்னான்:

"எங்க ஆத்தா வந்தா சட்டிப் பக்கம் விட்றாதீக. கீரைய வேரோட புடுங்கிப்புடும்."